மகரந்தம் இல்லாத மிளகாய்ப் பூ

புதுச்சேரி குபேர் அங்காடியில் ஒரே சுற்றில் நான்கு வகை மிளகாயைப் பார்த்துவிடலாம். உருண்டையான முண்டு வத்தல், நீண்ட சம்பா வத்தல், பச்சை மிளகாய், குடைமிளகாய். உருவத்திலும் காரத்திலும் இத்தனை வேறுபாடு இருந்தாலும் நான்கும் காப்சிகம் அன்னுவம் என்ற ஒரே தாவர இனம். ஆனால் இவற்றின் விதை வந்த வழி ஒன்றல்ல. ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் முண்டு போடுகிறவர் போன ஆண்டு வத்தலிலிருந்தே விதை எடுத்து வைத்துக்கொள்கிறார். பச்சை மிளகாயும் குடைமிளகாயும் போடுகிறவர் பல ஊர்களில் 10 கிராம் பொட்டலத்தைச் சில நூறு ரூபாய்க்கு வாங்குகிறார். அது வீரிய ஒட்டு விதை. நாட்டு விதையா, கம்பெனி விதையா என்று நம் ஊரில் நடக்கும் வாக்குவாதம் இந்த இரண்டையும் எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்திவிடுகிறது. மிளகாயைப் பொறுத்தவரை அப்படிப் பிரிப்பது தவறு என்பது என் கருத்து. வீரிய ஒட்டு மிளகாயைக் குறைந்த செலவில் உண்டாக்கும் வழி ஆண் மலட்டுத்தன்மை என்ற மரபுப் பண்பை நம்பியிருக்கிறது. அந்தப் பண்பு உலகத்துக்குக் கிடைத்ததே ஓர் இந்திய மிளகாய் விதையிலிருந்துதான். அதைப் பயன்பட வைக்கும் மறுபாதி மரபணுவும் பெரும்பாலும் சிறிய காய் காய்க்கும் காரமான ரகங்களிடம்தான் இருக்கிறது. பழைய ரகங்கள் போய்விட்டால் புதிய ஒட்டுகளுக்கும் ஊற்றுக்கண் அடைபட்டுவிடும்.

முதலில் பூவைப் பார்த்துவிடுவோம். மிளகாய்ப் பூவில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வெள்ளை இதழ்களுக்கு நடுவே ஐந்தாறு மகரந்தப்பைகள் நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கும். காலையில் பூ விரிந்த சில மணி நேரத்தில் அந்தப் பைகள் நீளவாக்கில் பிளந்து மகரந்தத்தை உதிர்க்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுவது வழக்கம். தேனீ வந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தமும் வந்து சேரும். இரண்டு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டு விதை எடுக்க வேண்டுமென்றால் தாய்ச்செடி தன் மகரந்தத்தால் சூல் கொள்ளாமல் தடுத்தாக வேண்டும். அதற்காக, மறுநாள் விரியப்போகும் மொட்டை முந்தின நாள் மாலையே தேடிப் பிடித்து, இடுக்கியால் பிரித்து, மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறார்கள். மறுநாள் காலை தந்தை ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டுவைத்து, அடையாளத்துக்கு நூல் கட்டுகிறார்கள். ஆயிரம் மிளகாய் விதை 5 முதல் 6 கிராம் வரை எடை இருக்கும். அப்படியானால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 1.8 லட்சம் விதை. ஒரு பழத்தில் 60 விதை என்று வைத்தாலும் 3,000 பழங்கள் வேண்டும். கைபட்ட மொட்டெல்லாம் பழமாவதும் இல்லை. விதைப் பொட்டலத்தின் விலையில் பெரும்பங்கு இந்தக் கைவேலைதான். காய்கறி விதை உற்பத்தியில் இந்த வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சிறுவர் சிறுமியரையும் இதில் ஈடுபடுத்தியதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பிறவியிலேயே மகரந்தம் இல்லாத ஒரு தாய்ச்செடி கிடைத்தால் இடுக்கி வேலை முழுவதும் மிச்சம். இந்தப் பண்பின் மேல் எனக்கு இருக்கும் அக்கறைக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படிப்பட்ட செடியை இனம் காண்பது கடினமல்ல. பூ விரிந்தபின் பார்த்தால் அதன் மகரந்தப்பைகள் சூம்பிச் சிறுத்திருக்கும். கருப்புத் தாளில் தட்டினால் எதுவும் உதிராது. அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. நல்ல மகரந்தம் சாயத்தை உறிஞ்சி உருண்டையாகச் சிவந்து நிற்கும். மலட்டுப் பையில் சாயம் ஏறாத வெற்றுக் கூடுகள் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. பெண் பாகத்துக்கோ ஒரு குறையும் இல்லை. அயல் மகரந்தம் கிடைத்தால் மற்றச் செடிகளைப்போலவே காய்த்துத் தள்ளும்.

மிளகாயில் இந்தக் குறை தாய்வழியாகவே இறங்குவதை 1958-இல் பீட்டர்சன் என்ற மரபியலாளர் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் விளக்கினார். அவர் கண்ட செடி, அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதைச் சேகரிப்பில் பி.ஐ. 164835 என்ற எண்ணோடு இருந்த விதையிலிருந்து வந்தது. அந்த விதை இந்தியாவிலிருந்து போனது. அதைச் சேகரித்தபோது யாரும் மலட்டுத்தன்மையைத் தேடிக்கொண்டு போகவில்லை. நூற்றுக்கணக்கான விதைப் பொட்டலங்களில் அதுவும் ஒன்று. இன்று கொரியா, சீனா, இந்தியா என்று எங்கே இந்த வழியில் வீரிய ஒட்டு மிளகாய் விதை உற்பத்தி நடந்தாலும் தாய்ச்செடியின் செல்லில் இருப்பது பெரும்பாலும் அந்த இந்திய விதையின் வம்சாவளிதான். எந்த விவசாயி எந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக அதைப் பாதுகாத்தார் என்று ஒரு பெயர்கூட வரலாற்றில் நிற்கவில்லை.

தாய்வழியாக மட்டும் ஏன் இறங்குகிறது? செல்லின் கருவில் இருக்கும் மரபணுக்கள் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருகின்றன. கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் மரபணுக்கள் உண்டு. மிளகாயில் அவற்றைத் தாங்கும் டிஎன்ஏவின் நீளம் சுமார் 5 லட்சம் எழுத்துகள். இவை சூல் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். மகரந்தம் அவற்றுக்கு முட்டுச்சந்து. ஆகவே மகரந்தத்தைக் கெடுக்கும் மாற்றம் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவில் தோன்றினால், அதைச் சுமக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு நட்டமும் இல்லை. மகரந்தத்துக்குச் செலவாகாத சத்து விதைக்குப் போனால் லாபமும்கூட. தைம் என்ற மூலிகைச் செடியில் மகரந்தமற்ற செடிகள் மற்றவற்றைவிட அதிக விதை தருவதை டார்வின் 1877-லேயே எழுதினார். இதன் உட்காரணம் விளங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. செல் கருவின் மரபணுக்களுக்கோ மகரந்தம் இல்லாவிட்டால் பாதி வாய்ப்பு பறிபோகிறது. அதனால் மலட்டுத்தன்மையை அடக்கும் மாற்றுகள் கருவில் உருவாகி நிலைக்கின்றன. ஒரே செல்லுக்குள் இரண்டு தரப்பு, இரண்டு நலன். ஆண் மலட்டுத்தன்மையை நோய் என்றோ ஊனம் என்றோ நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: அது பரிணாமத்தில் தானாகவே எழுந்த ஓர் இழுபறி.

மிளகாயில் அந்த இழுபறியின் இரு முனைகளும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. மலட்டுச் செடியின் மைட்டோகாண்ட்ரியாவில், சுவாசத்துக்குத் தேவையான ஒரு மரபணுவுக்கு அருகே, ஒட்டுத்துணிபோல் துண்டுகள் சேர்ந்து உண்டான ஒரு புது மரபணு இருப்பதைச் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களின் நடுவில் காட்டினார்கள். முதலில் ஓஆர்எஃப் 456 என்றும், திருத்தமான நீளம் தெரிந்தபின் ஓஆர்எஃப் 507 என்றும் அது குறிக்கப்பட்டது. அது உண்டாக்கும் புரதம், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் நொதியின் வேலையில் குறுக்கிடுகிறது. இலையும் தண்டும் இதைத் தாங்கிக்கொள்ளும். மகரந்தம் வளரும் பையின் உட்சுவர்த் திசுவுக்கு ஆற்றல் தேவை மிக அதிகம். அங்கேதான் கை ஒடிகிறது. எதிர்த்தரப்பில், கருவிலுள்ள 6-ஆம் குரோமோசோமில் ஆண்மையை மீட்கும் மரபணு இருக்கிறது. கெடுதல் செய்யும் மைட்டோகாண்ட்ரியா ஆணைகளைப் பிடித்து அடக்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, 2016-இல் அதற்கான வேட்பாளராக முன்வைக்கப்பட்டது. மீட்பு மரபணு ஒரு பிரதி இருந்தாலே போதும், மகரந்தம் திரும்பிவிடும்.

விதை உற்பத்தியாளர் இந்த இழுபறியைத்தான் மூன்று வரிசைச் செடிகளாகப் பிரித்துப் பயன்படுத்துகிறார். முதலாவது, மலட்டு மைட்டோகாண்ட்ரியா உள்ள, மீட்பு மரபணு இல்லாத தாய். இரண்டாவது, கருவில் அதே மரபணுக்கள் இருந்தும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் இயல்பாக உள்ள துணைச்செடி. தாய்க்கு மகரந்தம் கொடுத்து மலட்டு வரிசையைத் தலைமுறைதோறும் காப்பது இதன் வேலை. மூன்றாவது, மீட்பு மரபணு இரட்டையாக உள்ள தந்தை. தாயோடு தந்தை சேர்ந்து பிறக்கும் விதைதான் விவசாயிக்குப் போகிறது. அதில் மகரந்தம் முழுமையாக இருக்கும். வெங்காயத்துக்கு இந்த மூன்றாவது கவலை பெரிதாகக் கிடையாது. விற்பது கிழங்கு, பூவில் மகரந்தம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. 1925-இல் கலிபோர்னியாவின் டேவிஸில் ஹென்றி ஜோன்ஸ் ஒற்றை மலட்டு வெங்காயச் செடியைக் கண்டு அதிலிருந்து ஒரு தொழிலையே எழுப்ப முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மிளகாயில் விற்பது காய். மகரந்தம் திரும்பாவிட்டால் வயலில் காய்ப்பு தடுமாறும். மீட்பு மரபணு இல்லாமல் மலட்டுத் தாய்க்கு மதிப்பே இல்லை. அந்த மரபணு காரமான சிறு காய் ரகங்களில் தாராளமாகவும், குடைமிளகாய்களில் அரிதாகவும் இருக்கிறது. குடைமிளகாய் ஒட்டு விதை இன்னமும் இடுக்கி வேலையைப் பெரிதும் நம்பியிருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த வறுமைதான். மேடையில் அலங்காரமாக நிற்கும் குடைமிளகாய், தனக்கு வேண்டியதை நாட்டு மிளகாயிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கருவிலேயே இருக்கும் மலட்டு மரபணுக்களும் உண்டு. இந்தக் கதையில் புதுச்சேரிக்காரருக்குப் பழக்கமான ஒரு நாட்டின் பெயர் வருகிறது. பிரான்சில் அவிஞ்ஞோன் அருகே மோன்ஃபாவே வேளாண் ஆய்வு நிலையத்தில் பொஷார் என்ற ஆய்வாளர், குரோமோசோம் ஒரு தொகுதி மட்டுமே உள்ள மிளகாய்ச் செடிகளில் மரபுப் பிறழ்வுகளைத் தூண்டி, 1970-இல் மூன்று புதிய மலட்டு மரபணுக்களை அறிவித்தார். ஒற்றைத் தொகுதிச் செடியில் மறைந்து நிற்கும் பிறழ்வு உடனே வெளியே தெரிந்துவிடும் என்பதே அந்த உத்தி. அவற்றில் எம்எஸ் 509 என்பது பின்னர் லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வந்து, உள்ளூர் ரகத்துக்கு மாற்றப்பட்டு, எம்எஸ்-12 என்ற தாய் வரிசையானது. அதிலிருந்து 1992-இல் சி.எச்.-1 என்ற வீரிய ஒட்டு வெளியானது. அதன் தந்தை லூதியானா உள்ளூர்த் தேர்வு. பிரான்சின் மரபணு ஒன்று பஞ்சாபின் உள்ளூர் மிளகாயோடு சேர்ந்துதான் பலன் தந்தது. இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. தாய் வரிசையில் எப்போதும் பாதி மலடு, பாதி மகரந்தமுள்ளது என்றுதான் பிறக்கும். பூக்கும் நேரத்தில் செடி செடியாகப் பார்த்து மகரந்தமுள்ள பாதியைப் பிடுங்கிப் போட வேண்டும். நாற்றும் நிலமும் பாதி வீண். ஆனால் எந்தத் தந்தையோடு சேர்த்தாலும் பிள்ளைக்கு மகரந்தம் இருக்கும். மீட்பு மரபணுவைத் தேடி அலைய வேண்டாம். கண் பழகிய எவரும் செய்யக்கூடிய வேலை இது.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். மலட்டு விதையில் விளைந்த மிளகாயைத் தின்றால் தின்பவருக்கும் மலடு வரும் என்ற பயம் ஊரில் பரவியிருக்கிறது. மிளகாயின் மைட்டோகாண்ட்ரியா மரபணு நம் வயிற்றில் மற்ற உணவின் மரபணுக்களைப்போலவே செரித்துப்போகும். அதன் புரதம் குறுக்கிடுவது மிளகாய்ச் செடியின் மகரந்தப்பையில்தான். இந்தப் பண்பு ஆய்வகத்தில் செருகப்பட்டதும் அல்ல. பலர் இதை முளைக்காத விதைத் தொழில்நுட்பத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வேறொரு சங்கதி. அத்தகைய தொழில்நுட்பம் உள்ள ரகத்தைப் பதிவு செய்யவே இந்தியாவின் 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. ஆண் மலட்டுத் தாயிடமிருந்து வந்த ஒட்டு மிளகாயில் விதை எடுத்துப் போட்டால் அது முளைக்கும், வளரும், பூக்கும். ஆனால் ஒரு மீட்பு மரபணுவின் கணக்குப்படி நான்கில் ஒரு செடி மகரந்தமின்றி நிற்கும். பக்கத்துச் செடியின் மகரந்தம் தேனீ வழியாக வந்தால் அதுவும் காய்க்கும். வராவிட்டால் சின்னஞ்சிறிய விதையற்ற காய் வைக்கும் அல்லது பூ உதிரும். காயின் அளவும் உருவமும் ஒரே சீராக இருக்காது. பொட்டல விதையில் விதை எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு மரபியல் காரணம் இதுதான். சூழ்ச்சி ஏதுமில்லை.

பக்கத்துத் தோட்டத்து ஒட்டு மிளகாயால் நம் நாட்டு மிளகாய் மலடாகிவிடுமா என்ற கேள்வி இதைவிடக் கூர்மையானது. மிளகாயில் அயல் மகரந்தச் சேர்க்கை 7 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கும் மேல்வரை பதிவாகியிருக்கிறது. எனவே கலப்பு நிச்சயம் நடக்கும், ரகத்தின் தூய்மை குலையும். விதைக்கு விடும் செடிகளைத் தள்ளி வைக்கவோ வலை போட்டு மூடவோ வேண்டியது அவசியம். ஆனால் மைட்டோகாண்ட்ரியா மகரந்தத்தில் பயணம் செய்து அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. பீட்டர்சன் கண்ட மலடு காற்றிலும் தேனீயிலும் ஏறிப் பரவாது; அந்தச் செடியின் விதையை நாமே விதைத்தால்தான் வரும். கருவில் உள்ள எம்எஸ் வகை மரபணுவுக்கு இந்தத் தடை இல்லை; அது மறைந்து பயணிக்கக்கூடியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு அடிப்பது நியாயமில்லை.

ஆண்டுதோறும் விதைக்காகக் கடைக்குப் போகும் நிலை வருகிறதே என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை, அது உண்மை. மானாவாரியில் விளைந்து, தன் உருவத்துக்கும் தோல் தடிமனுக்கும் விலை பெற்று, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்ற ராமநாதபுரம் முண்டுக்கு வீரிய ஒட்டை மாற்றாக வைக்க ஒரு காரணமும் இல்லை. நீர்ப்பாசனத்தில் பச்சை மிளகாய் போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவரின் கணக்கு வேறு. அவர் எப்படியும் ஒட்டு விதை வாங்குகிறார். கேள்வி, அது யாரிடம், என்ன விலைக்கு என்பதே. மலட்டு வரிசை தனியார் பெட்டகத்தில் மட்டும் இருந்தால் விலையை அவர்கள் வைப்பார்கள். ஆனால் இது யாருக்கும் தனியுடைமையாகாத, 1958 முதல் ஊரறிந்த பண்பு. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் மலட்டுத் தாயையும் அதன் துணையையும் பல நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பகிர்ந்திருக்கிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா மேகனா, அர்கா ஸ்வேதா, அர்கா ஹரிதா ஆகிய ஒட்டுகளை இந்த வழியில்தான் தந்தது. அரசு நிறுவனங்கள் இதில் ஒதுங்கி நிற்பது விவசாயிக்கு எதிரான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு விஞ்ஞானிகளிடமிருந்தே வருவது. உலகம் முழுவதும் ஒரே மூலத்திலிருந்து வந்த மைட்டோகாண்ட்ரியாவை நம்பினால், அதைத் தாக்கும் நோய் ஒன்று வந்தால் என்ன செய்வது? அமெரிக்க மக்காச்சோளத்தில் இது நடந்தது. 1970-இல் அங்கே பெரும்பாலான ஒட்டு விதை டெக்சாஸ் வகை என்ற ஒரே மலட்டு மூலத்திலிருந்து வந்தது. மலட்டைத் தரும் அதே புரதம் ஓர் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்குக் கதவைத் திறந்துவிட, நாட்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு ஒரே ஆண்டில் போயிற்று. மிளகாயின் இந்திய மூலத்தில் அப்படியொரு பலவீனம் அறியப்படவில்லை என்பது ஆறுதல்தான், காப்பீடு அல்ல. காப்பீடு வேண்டுமென்றால் வேறு மலட்டு மூலங்கள் வேண்டும். அவை இன்னமும் விவசாயிகளின் பானைகளிலும் தேசிய விதைக் கிடங்குகளிலும் இருக்கும் பழைய ரகங்களில்தான் அகப்படும். இந்த எதிர்ப்பு என் வாதத்தை வீழ்த்தவில்லை. அதற்கு இன்னொரு சான்று சேர்க்கிறது.

நம் கரையோரத்துக்கு இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. பீட்டர்சன் வகை மலடு குளிரில் நிலைகுலையும். இரவு வெப்பம் நன்றாக இறங்கினால் மலட்டுத் தாயிலேயே கொஞ்சம் மகரந்தம் தலைகாட்டி, விதையின் தூய்மையைக் கெடுத்துவிடும். குளிர் நாட்டு விதை உற்பத்தியாளர்களின் பெருந்தலைவலி இது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மார்கழி இரவுகூடச் சராசரியாக 20 டிகிரி அளவில்தான் நிற்கிறது. காரைக்காலில் பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒரு மலட்டுத் தாய் வரிசையைக் கேட்டு வாங்கி, சுற்று வட்டாரத்து நாட்டு மிளகாய்களோடு சேர்த்துப் பார்ப்பது மாணவர்களும் செய்யக்கூடிய சோதனை. முண்டோ, சம்பாவோ, வீட்டுக் கொல்லையில் பெயரில்லாமல் காய்க்கும் மிளகாயோ, ஒவ்வொரு செடியிலிருந்தும் மகரந்தம் எடுத்து மலட்டுப் பூவில் வைத்து, தனித்தனியே விதை எடுத்து, முளைத்த செடிகள் பூக்கும்போது கருப்புத் தாளில் தட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றிலும் மகரந்தம் உதிர்ந்தால் தந்தையிடம் மீட்பு மரபணு இரட்டையாக இருக்கிறது. ஒன்றிலும் உதிராவிட்டால் அந்த ரகம் மலட்டு வரிசையைக் காக்கும் துணையாக உதவும். பாதிக்குப் பாதி வந்தால் தந்தையிடம் இருப்பது ஒரே பிரதி, அதன் சொந்த விதையை இன்னொரு தலைமுறை வளர்த்து இரட்டைப் பிரதியுள்ள செடியைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.